பதினேழாம் நம்பர் ஸ்பேனரும் பழைய ஆயிலும்

மொதல்லயே சொல்லிடறேன். வீட்டுலயே வண்டிக்கு ஆயில் மாத்துனா காசு மிச்சமாகும்னு நெனச்சு வந்தவங்க இப்பவே கெளம்பிடலாம்.

மிச்சமாகாது.

(ஆகும், ஆயிரக்கணக்குல ஆகும்னு ஒருத்தர் வீடியோவுல கைய ஆட்டி ஆட்டிப் பேசறதைப் பாத்துதான் எனக்கு எரிச்சலே வந்துச்சு. இல்லன்னா இந்நேரம் தூங்கியிருப்பேன்.)

கணக்கு ரொம்பச் சின்னது. விழுப்புரத்துல பாண்டி ரோட்டுலயோ, திண்டிவனத்துல செஞ்சி ரோட்டுலயோ ஒரு ஸ்பேர்ஸ் கடையில போயி ஆயில் கேன் வாங்குங்க. "ஊத்தி வுட்டுரட்டாண்ணே?"ன்னு கடைப் பையனே கேப்பான். டீக்காசு குடுத்தா போதும். தெரிஞ்ச கடைன்னா அதுவும் வேணாம். நாம வீட்டுல மாத்தணும்னா ஸ்பேனர் வேணும், புனல் வேணும், கையுறை வேணும், கீழ வைக்க தட்டு வேணும், கை கழுவ அரை சோப்பு வேணும். மொத ரெண்டு மூணு தடவைக்கு நஷ்டக் கணக்குதான்.

அப்பறம் ஏன் மாத்தறே?

சந்தேகம்ங்க. சந்தேகம் போகணும். அவ்ளோதான்.

கொஞ்ச வருஷம் முன்னாடி ஒரு எடத்துல வண்டிய சர்வீசுக்கு வுட்டேன். பேரு வேணாம். சாயங்காலம் பில்லு வந்துது. என்ஜின் ஆயில் ஒரு கேன். அதுக்குக் கீழ 'கன்ஸ்யூமபிள்ஸ்'னு ஒரு தொகை. "அது இன்னா தம்பி?"ன்னு கேட்டா, "கிரீஸு, துணி, டீசலு சார்". சரி, தொடைக்கிற துணிக்குக் கூட காசு குடுத்துத் தொலைவோம். வீட்டுக்கு வந்து வண்டிய சாய்ச்சுக் குனிஞ்சு பாக்கறேன். ஆயில் வடிக்கற டிரெயின் போல்ட்டு மேல மயிலம் பக்கத்துச் செம்மண்ணு அப்பிக் காஞ்சு போயி அப்படியே கெடக்கு. ஒரு ஸ்பேனர் பட்டிருந்தா அந்த மண்ணு உதுந்திருக்கணுமா, வேணாமா? ஆயில் அளவு பாக்கற டிப்ஸ்டிக்க உருவிப் பாத்தா மை மையா கருப்பு.

சண்டைக்கெல்லாம் போகல. மறுநாள் போயி 17ஆம் நம்பர் ரிங் ஸ்பேனர் ஒண்ணு வாங்கியாந்துட்டேன்.

எங்க வீட்டு வண்டி நெலவரம் சொல்லிடறேன். அப்பா காலத்து ஸ்ப்ளெண்டர் ஒண்ணு, டிஎன் 16, திண்டிவனம் நம்பர். வீட்டுக்காரம்மா ஸ்கூட்டர் டிஎன் 32, விழுப்புரம். ஒரு பழைய கார், அதுவும் 32. அம்மா வீடு திண்டிவனம், பொழப்பு விழுப்புரம். நடுவுல விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டுன்னு நாப்பது கிலோமீட்டருக்குக் கிட்ட. ஸ்ப்ளெண்டர்தான் அதிகம் ஓடும். (டோல்கேட்டுல டூவீலருக்குக் காசு இல்லங்கறதும் ஒரு காரணம்.)

இந்த ஸ்ப்ளெண்டர் என்ஜினப் பத்தி ஒரு விஷயம். 97.2 சிசி. 1985ல வந்த சிடி 100 வம்சம். 1994ல ஸ்ப்ளெண்டர்னு பேரு வச்சு வந்தது. ஹோண்டா 1958ல விட்ட சூப்பர் கப் வண்டி இருக்கே, அதோட படுத்த வாக்கு என்ஜின் சாயல் இதுல அப்படியே இருக்கும். இதுல நாம கழட்டி மாத்தற காகித ஆயில் ஃபில்டரே கெடையாது. ஒரு கம்பிவலை இருக்கும், பெரிய குப்பைய புடிக்க. அதோட கிளட்ச் பக்கத்துல சுத்திக்கிட்டே இருக்கற ஒரு கிண்ணம். ஆயில் அதுக்குள்ள போயி சுத்தற வேகத்துல, கனமான அழுக்கு எல்லாம் ஓரத்துல ஒட்டிக்கும், சுத்தமான ஆயில் நடுவுல வெளிய வரும். கவர் கழட்டறப்ப மெக்கானிக் அந்தக் கிண்ணத்தச் சொரண்டி எடுப்பாரு பாருங்க, கருப்பா களி களியா, அதான்.

ஃபில்டர் இல்லன்னா என்ன அர்த்தம்? ஆயில ஒழுங்கா மாத்துனா போதும், அந்த வண்டி ஓடிக்கிட்டே இருக்கும். மாத்தலன்னா அழுக்கோட அழுக்கா சுத்திக்கிட்டே இருக்கும். பைக்குல இன்னொரு கஷ்டமும் இருக்கு. கார்ல என்ஜினுக்கு ஒரு ஆயில், கியர்பாக்ஸுக்கு வேற ஆயில். பைக்குல ஒரே ஆயில்தான் பிஸ்டனும் பாக்கணும், கியரும் பாக்கணும், கிளட்ச்சும் அதுலயே ஊறணும். கியர் பல்லு ரெண்டும் கடிச்சுக் கடிச்சு ஆயிலோட கெட்டித்தன்மையே போயிடும். காருக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர்ங்கறான், பைக்குக்கு மட்டும் ஏன் சீக்கிரமே மாத்தச் சொல்றான்னு நானும் ரொம்ப நாள் கடைக்காரன் தந்திரம்னு நெனச்சிருக்கேன். தந்திரம் இல்ல.

கார் ஆயில் மிச்சம் கெடக்கே, பைக்குக்கு ஊத்திடலாமான்னு மச்சான் கேட்டான். (மச்சான் இந்தப் பதிவுல நெறைய வருவான். திண்டிவனத்துக்காரன்.)

ஊத்தக் கூடாது. காருக்குன்னு வர்ற ஆயில்ல உராய்வக் கொறைக்கிற மருந்து போட்டிருப்பான், மைலேஜுக்காக. அது பைக்கோட கிளட்ச் பிளேட்டுல பட்டா வழுக்கும். வண்டி கத்தும், நகராது. இதுக்குன்னே ஜப்பான்காரன் 1998ல ஒரு தரம் கொண்டாந்தான், ஜாசோ. கேன் பின்னாடி பாருங்க. எம்ஏ, எம்ஏ2ன்னு இருந்தா கியர் பைக்குக்கு. எம்பின்னு இருந்தா கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு, அதுல கிளட்ச் ஆயில்ல ஊறறது இல்ல. வீட்டுக்காரம்மா ஸ்கூட்டருக்கு வாங்குனத ஸ்ப்ளெண்டருக்கு ஊத்தாதீங்கன்னு இதுக்குத்தான் சொல்றது. பக்கத்துல 10டபிள்யூ30, 20டபிள்யூ40ன்னு போட்டிருக்கறது கெட்டித்தன்மை. அதுல நம்ம அபிப்பிராயத்துக்கு எடமில்ல. வண்டி புக்குல என்ன போட்டிருக்கோ அதான். "நம்ம ஊரு வெயிலுக்கு கெட்டி ஆயில் ஊத்துங்கண்ணே"ன்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க. சிரிச்சுட்டு வந்துடுங்க.

எனக்குக் குரு எங்க தெருவுல இருக்கற ஒரு ரிட்டயர்டு டெப்போ ஃபிட்டர். விழுப்புரத்துல தெருவுக்கு ஒருத்தராவது இப்படி இருப்பாங்க. 1975லயே தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகத்துக்கு நம்ம ஊருதான் தலைமையகம், இன்னைக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகம் விழுப்புரம் கோட்டம்னுதான் பேரு. நான் வாசல்ல பேப்பரெல்லாம் விரிச்சு, கையுறை மாட்டி, ஸ்பேனரோட உக்காந்ததப் பாத்துட்டு வந்தாரு.

"இன்னா தம்பி, ஆபரேசனா?"

"ஆயில் மாத்தறேங்கய்யா."

"பஸ்ஸுக்கு டப்பா டப்பாவா ஊத்துவோம். ஒரு லிட்டருக்கு இத்தினி பேப்பரா?"

பேப்பர் எதுக்குன்னு அவருக்குத் தெரியாது. வாசல்ல கோலம் போடற எடத்துல ஒரு சொட்டு கறை பட்டா என் நெலம என்ன ஆகும்னு எனக்குத்தான் தெரியும்.

அவரு சொன்னது எல்லாமே சின்னச் சின்னது. ஆனா எந்த வீடியோலயும் யாரும் நிறுத்திச் சொல்லல.

வண்டிய ரெண்டு மூணு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வுட்டு ஆஃப் பண்ணு. ஆயில் எளகி வரும். ஆனா நல்லா ஓட்டிட்டு வந்து உடனே கழட்டாத, கை வெந்துடும். சென்டர் ஸ்டாண்டுல, சமதளத்துல நிறுத்து. மேல டிப்ஸ்டிக்க லேசா தெறந்து வச்சிடு, காத்து போனாதான் கீழ சரசரன்னு எறங்கும். அட்ஜஸ்டபிள் ஸ்பேனர கிட்டயே கொண்டாராத, போல்ட்டு மூலைய மழுக்கிடும். கடைசிச் சுத்த கையால கழட்டு, ஆனா போல்ட்ட தட்டுல வுழ வுட்டுடாத. வுழுந்துட்டா அந்தக் கருப்பு ஆயில்ல கைய வுட்டுத் தொழாவணும்.

திருப்பி மாட்டறதுதான் முக்கியம். கையாலயே புரி புடிக்கற வரைக்கும் சுத்து. கைக்கு சுலபமா போகலன்னா குறுக்கப் போகுதுன்னு அர்த்தம், கழட்டி மறுபடி மாட்டு. என்ஜின் அடி அலுமினியம், போல்ட்டு இரும்பு. பலத்தக் காட்டுனா அலுமினியப் புரிதான் போவும். அப்பறம் லேத்துக்குத் தூக்கிட்டுப் போகணும். போல்ட்டோட வாஷர் சில்லறைக் காசு, ஒவ்வொரு தடவையும் புதுசு போடு. டைட் பண்றப்ப ஸ்பேனர நுனியில புடிக்காத, பாதியில புடி. "டைட்டா இருக்கா"ன்னு தெரிஞ்சதுக்கு அப்பறம் ஒரு இழு. ரெண்டாவது இழு வேணாம்.

"ரெண்டாவது இழு வேணாம்" இப்ப எங்க வீட்டுல ஒரு பழமொழி மாதிரி ஆயிடுச்சு. ஜன்னல் கொண்டிக்கு, குக்கர் கைப்பிடிக்கு, எல்லாத்துக்கும்.

தட்டு விஷயத்துல மட்டும் நானே ஆராய்ச்சி பண்ணேன். பழைய பேசின் வச்சுப் பாத்தேன், உயரம் ஜாஸ்தி, வண்டி அடியில போகல. பேக்கரி அட்டை டப்பா ஊறிப் போச்சு. கடைசியில செட் ஆனது மல்லாட்டை எண்ணெய் அஞ்சு லிட்டர் கேன். மூடிய இறுக்கிப் படுக்க வச்சு, மேல் பக்கத்த மட்டும் கத்தரிச்சா அருமையான தட்டு. கைப்பிடி இருக்கு, மூடிய தெறந்தா அதுவே மூக்கு, பழைய ஆயில பாட்டிலுக்கு அப்படியே ஊத்திடலாம்.

(மல்லாட்டைன்னா வெளியூர்க்காரங்களுக்கு: வேர்க்கடலைங்க. சொல்லாமயும் இருக்க முடியல, திண்டிவனத்துல எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமே இருக்கு. டிஎம்வி 2, டிஎம்வி 7ன்னு கடலை ரகம் கேள்விப்பட்டிருப்பீங்க. அந்த டிஎம்வி திண்டிவனம்தான். நம்மூருக்கு எண்ணெய் புதுசில்ல.)

அளவு. இதுலதான் மச்சான் மாட்டுனான்.

வண்டி புக்குல ரெண்டு அளவு போட்டிருப்பான். ஒண்ணு, ஆயில வடிச்சுட்டு ஊத்தறதுக்கு. இன்னொண்ணு, என்ஜினப் பிரிச்சு மாட்டுனதுக்கு அப்பறம் ஊத்தறதுக்கு. ரெண்டாவது கொஞ்சம் ஜாஸ்தி. ஏன்னா நாம எவ்ளோ வடிச்சாலும் உள்ள சந்து பொந்துல கொஞ்சம் தங்கிடும். மச்சான் பெரிய அளவப் பாத்தான். அதுக்கு மேல, "கேனுல மிச்சம் வச்சு என்ன பண்றது"ன்னு முழுசா கவுத்துட்டான். மறுநாள் போன் வருது.

"மாமா, வண்டி நீலமா பொகையுது."

"டிப்ஸ்டிக் பாத்தியாடா?"

"மேல் கோட்டத் தாண்டி இருக்கு. நல்லதுதான மாமா? கொறையலயே?"

ஜாஸ்தி ஆனா ஆயில் உள்ள நொரை கட்டும், மூச்சுக் குழாய் வழியா ஏர் ஃபில்டருக்குப் போகும், அங்கேருந்து எரிய ஆரம்பிக்கும். கோட்டுக்கு மேல போறது கோட்டுக்குக் கீழ போறதுக்குக் கொறஞ்ச தப்பு இல்ல. அதோட இன்னொண்ணு, ஸ்ப்ளெண்டர்ல டிப்ஸ்டிக்க தொடைச்சு, திருகாம, சும்மா சொருகிப் பாக்கணும். திருகிப் பாத்தா ஆயில் நெறைய இருக்கற மாதிரி காட்டும். மத்த வண்டிக்கு அதது புக்குல என்ன சொல்லுதோ அப்படி.

நடுவுல ஒரு யோசனை வேற. பெட்ரோலுக்காக பாண்டிக்குப் போறவன், ஆயிலையும் அங்கயே வாங்குனா என்னன்னு. விழுப்புரத்துக்காரனுக்கு பாண்டின்னா மொதல்ல பெட்ரோல்தான் ஞாபகம் வரும். (சரி சரி, ரெண்டாவதா.) போயி விசாரிச்சா அதே வெல. அப்பறம்தான் உறைச்சது. பெட்ரோல் ஜிஎஸ்டிக்குள்ள வரல, அந்தந்த மாநிலம் போடற வரி, அதனால எல்லையத் தாண்டுனா வெல மாறும். என்ஜின் ஆயில் ஜிஎஸ்டி சரக்கு, 18 சதவீதம், கன்னியாகுமரியா இருந்தாலும் காஷ்மீரா இருந்தாலும் அதேதான். ஆயிலுக்காக பாண்டி போறேன்னு வீட்டுல சொல்றவங்கள நம்பாதீங்க.

வெல ரொம்பக் கம்மியா கெடச்சா ஆயிலயும் நம்பாதீங்க. பழைய கேன வாங்கி, சுத்திகரிச்ச பழைய கருப்பு ஆயில ஊத்தி, மூடி போட்டு விக்கற கூட்டம் இருக்கு. அதனால நான் காலி கேன பழைய சாமான்காரருக்குப் போடறதுக்கு முன்னாடி ஸ்க்ரூ டிரைவரால ஒரு ஓட்டை போட்டுடுவேன். நீங்களும் போடுங்க.

இப்ப ஃபெஞ்சல் கதை. இது சொல்லலன்னா இந்தப் பதிவுக்கே அர்த்தமில்ல.

2024 நவம்பர் 30 ராத்திரி புயல் பாண்டி பக்கம் கரையேறுச்சு. ஏறுனது நகரவே இல்ல. மயிலத்துல மட்டும் ஒரே நாள்ல அரை மீட்டர் மழை. அரை மீட்டர்ங்க. டிசம்பர் 2ஆம் தேதி விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் நடுவுல ரயில் பாலத்துல வெள்ளம் அபாய அளவத் தாண்டி ரயிலயே நிறுத்துனாங்க. அரசூர்ல திருச்சி ஹைவே மேல தண்ணி. விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டுல தண்ணி நிக்கறது நமக்குப் பழகுனதுதான், ஆனா இது வேற.

தண்ணி வடிஞ்சதும் தெருத்தெருவா பைக்க கிக் அடிக்கிற சத்தம். கேக்கவே வயித்தக் கலக்குச்சு. முழுகுன வண்டிய கிக்கும் அடிக்கக் கூடாது, செல்ஃபும் எடுக்கக் கூடாது. சிலிண்டருக்குள்ள தண்ணி இருந்தா பிஸ்டனால அத அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளஞ்சு போயிடும். ஃபிட்டர் ஐயா வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு எறங்கிட்டாரு. எடுபுடியா நான்.

மொதல்ல பேட்டரி ஒயர கழட்டறது. அப்பறம் பிளக்கக் கழட்டி, மெதுவா கிக்கர அமுக்கி உள்ள இருக்கற தண்ணிய வெளியேத்தறது. அப்பறம் டிரெயின் போல்ட்டு. எல்லா வண்டியிலயும் எறங்குனது அச்சு அசல் பால் டீ. தண்ணியும் ஆயிலும் கலந்தா அந்த நெறம்தான். அதுல வண்டிய ஓட்டுனா பேரிங் எல்லாம் போச்சு. வெல கொறஞ்ச ஆயில கொஞ்சம் ஊத்தி, ஸ்டார்ட் பண்ணி சும்மா ஓட வுட்டு, மறுபடி வடிச்சு, இன்னும் டீ நெறம் தெரிஞ்சா இன்னொரு தடவை. தெளிவா வந்ததுக்கு அப்பறம்தான் நல்ல ஆயில்.

அந்த வாரம் மெக்கானிக் கடைங்கள்ல வண்டி ரோட்டு வரைக்கும் நின்னுச்சு. டோக்கன் போடாத கொறை. எங்க தெருவுல அன்னைக்கு 17ஆம் நம்பர் ஸ்பேனர் கை மாறி கை மாறிப் போயி, சாயங்காலம்தான் வீடு திரும்புச்சு. ஆயில் மாத்தத் தெரிஞ்ச ரெண்டு பேரு இருந்தா ஒரு தெருவே வண்டிய காப்பாத்திக்கலாம்னு அன்னைக்குப் பாத்தேன். கூலி மிச்சம்னு பேசற வீடியோக்காரங்க இதச் சொல்ல மாட்டாங்க.

வெளிய வர்ற ஆயில பாக்கக் கத்துக்கறதுதான் இதுல நெஜமான லாபம். கருப்பா வந்தா பயப்படாதீங்க, அழுக்கத் தூக்கி வச்சுக்கறதுதான் அதோட வேலையே. பால் நெறமா, தண்ணி. பெட்ரோல் வாசன அடிச்சா, எரியாத பெட்ரோல் எறங்குது. வெயில்ல காட்டுனா மினுமினுன்னு பொடி தெரியுதா, உள்ள எதோ தேயுது, உடனே மெக்கானிக்கிட்ட போங்க. நம்ம வண்டி கடையில இருக்கறப்ப இதெல்லாம் நம்ம கண்ணுல படாமலே ட்ரம்முக்குப் போயிடுது.

காருக்கு வீட்டுல மாத்தலாமான்னா, மாத்தலாம். எனக்குப் புடிக்கல. வெறும் ஜாக்கி மேல தூக்கி வச்ச காருக்கு அடியில படுக்கற வேலைய எவ்ளோ தைரியசாலியும் செய்யக் கூடாது. கீழ தாங்குறதுக்கு ஸ்டாண்டு, இல்ல சாய்வு மேடை வேணும். அது இருக்கறவங்க செய்யுங்க. ஃபில்டர் ரப்பர் வளையத்துல புது ஆயில தடவி, ரப்பர் ஒட்டுனதுக்கு அப்பறம் கையாலயே முக்கால் சுத்து, போதும். வாரண்டி இருக்கற காரா இருந்தா கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போயிடுங்க, பின்னாடி ரெக்கார்டு கேப்பாங்க.

கடைசியா ஒண்ணு. இதுக்குத்தான் நான் நெஜமாவே உக்காந்து டைப் அடிச்சேன்.

அந்தப் பழைய ஆயில என்ன பண்றீங்க?

கால்வாயில. தென்ன மரத்தடியில. கொசு வரக் கூடாதுன்னு குட்டையில. மாட்டுக் கொட்டாய் மரத்துக்குக் கரையானுக்கு. சென்ட்ரிங் பலகைக்குத் தடவ மேஸ்திரி வாங்கிட்டுப் போறாரு. எல்லாம் பாத்திருக்கேன். ஒரு தடவை மாத்தற பழைய ஆயில் பத்து லட்சம் காலன் நல்ல தண்ணிய கெடுக்கும்னு அமெரிக்காவோட சுற்றுச்சூழல் முகமை சொல்லுது. அது கார் கணக்கு, பைக்குக்குக் கம்மிதான். ஆனா நம்ம வீட்டுல போர் தண்ணி. ஊத்தற எடத்துக்கும் போருக்கும் எவ்ளோ தூரம்னு நீங்களே பாத்துக்கங்க. வெறும் கையில அள்ளறதும் தோலுக்கு ஆகாது.

2016ல வந்த விதிப்படி பழைய ஆயில் அபாயகரமான கழிவு. 2024 ஏப்ரல் 1லேருந்து, ஆயில் தயாரிக்கற கம்பெனிங்களே பழைய ஆயில திரும்ப எடுத்து மறுசுத்திகரிப்பு பண்றதுக்கும் பொறுப்பு. சட்டம் இருக்கு. ஆனா கம்பெனிக்காரன் என் வீட்டு வாசலுக்கு வந்து பழைய ஆயில் பாட்டில வாங்கிட்டுப் போகப் போறதில்ல. அதுக்கு ஒரே வழி மெக்கானிக் கடை ட்ரம்முதான். அத மொத்தமா எடுக்க ஆளு வருவாங்க, காசு குடுத்தே எடுப்பாங்க.

அதனால ஆயில் வாங்கறப்பவே கடைக்காரர்கிட்ட கேட்டுடுங்க, "பழைய ஆயில எடுத்தாந்தா வாங்கிக்குவீங்களா?"ன்னு. நான் கேட்ட கடையில "கொண்டாங்கண்ணே"ன்னாங்க. தண்ணியோ பெட்ரோலோ கலக்காம, மூடி போட்ட பாட்டில்ல, மேல 'பழைய ஆயில்'னு எழுதிக் குடுங்க. வாங்க மாட்டேன்னு சொல்ற கடையில புது ஆயிலும் வாங்காதீங்க.